சுவருக்கு அடுத்துதான் நான்

பூமி ஆடினால் மற்ற வீட்டு ஆண்கள் பெண்டாட்டி பிள்ளையைத் தேடுவார்கள். என் வீட்டுக்காரர் சுவரைத் தேடுவார். ஆட்டம் நின்றதும் உள்ளங்கையைச் சுவரில் வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, அறை அறையாகத் தொட்டுக்கொண்டே போவார். எல்லாச் சுவரும் முடிந்த பிறகுதான் "உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று என் பக்கம் திரும்புவார். கல்யாணமான புதிதில் இதற்காகவே அவரோடு பேசாமல் இருந்து பார்த்தேன். அவருக்கு அது உறைக்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குத்தான் பெரும் பாடாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

அவர் கொத்தனார். அதிலும் பூச்சு வேலை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர் அடிக்கடி ஆடுகிற ஊர். பெரும்பாலும் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுக்கும், விளக்கு ஊசலாடும், அதோடு சரி. எப்போதாவது சுவரில் ஒரு கீறல் விழும். இவர் உடனே அதைக் கொத்தித் திறந்து, நனைத்து, பூசி, காய்ந்ததும் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார். அதற்கப்புறம் விரிசல் எங்கே இருந்தது என்று அவரே தேடினாலும் கிடைக்காது. அந்தக் கர்வம் அவருக்கு உண்டு, எனக்கும் கொஞ்சம் உண்டு.

வீடும் அவர் கட்டியதுதான். லீவு நாட்களில் அவர் செங்கல் வைக்க, நான் தண்ணீர் சுமந்தேன். கடன் கொடுத்த பாங்க் கட்டாயப்படுத்தியதால் நெருப்புக்கும் திருட்டுக்கும் ஒரு பாலிசி எடுத்தோம். அதில் நிலநடுக்கம் சேராது. அதைத் தனியாக எடுக்க வேண்டும், விலையும் அதிகம். யாராவது "ஏன் எடுக்கல?" என்று கேட்டால் இவரிடம் ஒரே பதில்தான்.

"எதுக்கு? நான் இருக்கேன்ல."

வருஷக்கணக்கில் அது எங்கள் வீட்டு ஜோக். விருந்தாளிகள் சிரிப்பார்கள், மகள் அவரைப் போலவே சொல்லிக் காட்டுவாள், நானும் சிரிப்பேன்.

போன வருஷம் சாரம் சரிந்து விழுந்தார். வலது தோளில் ஆபரேஷன். உயிர் பிழைத்ததே பெரிது என்று நான் கும்பிட்டேன். ஆனால் கை மார்புக்கு மேல் எழவில்லை. கனம் தூக்கக் கூடாது, சுவர் வேலை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஒரு பெயின்ட் கடையில் உட்கார்ந்து, ஜனங்கள் கொண்டுவரும் சுவர்ச் சில்லைப் பார்த்து அதே நிறத்தைக் கலந்து கொடுக்கிறார். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்கிறார். பூச்சுக் கரண்டிகளை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறார். இன்சூரன்ஸ் பேச்சு வந்தால் இப்போதும் "நான் இருக்கேன்ல" என்றுதான் சொல்கிறார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்கிறார்.

நான் டாக்ஸி கம்பெனியில் மைக்கில் பேசுகிறவள். போனில் ஆள் கேட்டால் வண்டியை அனுப்ப வேண்டும். வண்டி எங்கோ சந்து பொந்தில் மாட்டிக்கொண்டிருந்தாலும் "தெருமுனைக்கு வந்துட்டாருங்க" என்று கூசாமல் சொல்ல வேண்டும். டிரைவர்களுக்கு நான் 'மைக் அக்கா'. அவர்கள் எனக்கு நம்பர்கள். அஞ்சு என்றால் மீசைக்காரர். பதினேழு என்றால் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் அக்கா அக்கா என்று சுற்றிவரும் வாலு.

சில மாதங்களுக்கு முன்னால் வந்த ஆட்டத்தில் எங்கள் ஆபீஸ் அலமாரியே குதித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சேதம். பதினேழின் சமையலறைச் சுவர் தெருவில் விழுந்துவிட்டது. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவன் வண்டியிலேயே தூங்கினான். அவனிடம் பாலிசி கிடையாது. அஞ்சிடம் இருந்தது. ஆனால் நிலநடுக்கப் பாலிசியில் முதல் பங்கு நம் தலையில்தான். சேதம் அந்தப் பங்கைத் தாண்டினால்தான் கம்பெனி பையை அவிழ்க்கும். அஞ்சின் வீட்டில் உதிர்ந்தது கொஞ்சம் கூரைப்பூச்சு, அதனால் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"இத்தன வருஷம் கட்டினது தண்டம்" என்று ஆபீஸில் வந்து குதித்தார் அஞ்சு. "எவனோ கொழிக்கிறதுக்கு நான் ஏன் அழணும்? யாரும் எடுக்காதீங்கப்பா."

பதினேழு சுவரில் சாய்ந்துகொண்டிருந்தான். எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவன், அன்று மெதுவாகத்தான் பேசினான். "உங்க வீடு நிக்குதில்லண்ணே. அப்புறம் எதுக்குக் கத்துறீங்க? எனக்கு அந்தப் பேப்பர் இருந்தா இன்னிக்கு என் பிள்ளைங்க என்கூட இருக்கும்."

பதினேழு சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சின்ன விரிசலுக்கு இன்சூரன்ஸ் வேண்டாம் என்பது சரிதான், ஆனால் பதினேழின் சுவர் மாதிரி எங்கள் சுவர் விழுந்தால் யார் எழுப்புவது? என் ஒரு மாதச் சம்பளம் வருஷா வருஷம் போகும், போகட்டும். அதுகூடப் பெரிசில்லை. பாலிசி எடுக்கலாம் என்று நான் வாயைத் திறந்தால், 'உங்களால இனிமே முடியாது' என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி ஆகுமே. ஊரையே ஏமாற்றுகிற வாய் எனக்கு. இவரிடம் இதைச் சொல்ல மட்டும் வரவில்லை.

ஆட்டம் வந்த அன்று ஆபீஸில் போன் அடங்கவே இல்லை. இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொன்னார்: "எல்லாச் சுவரும் பாத்துட்டேன். ஒரு முடிக் கீறல் கிடையாது." படுக்கையறைக்குள் நுழைந்தால் பீரோ இடம் மாறி, ஜன்னலை ஒட்டிய சுவரோரம் நிற்கிறது.

"இது ஏன் இங்க வந்துச்சு?"

"அந்தப் பக்கம் ஈரம். துணி பூத்துடும். பக்கத்து வீட்டுப் பையனுங்க வந்து தள்ளிக் குடுத்தாங்க."

அன்றிலிருந்து கதவைத் திறந்தால் பீரோவில் முட்டும். தினமும் காலையில் என் முழங்கையில் ஒரு இடி வாங்கிக்கொண்டு, பீரோவையும் பக்கத்து வீட்டுப் பையன்களையும் சேர்த்துத் திட்டினேன்.

கடைசியில் என் தொழிலையே கையில் எடுத்தேன். "பதினேழோட தங்கச்சி இன்சூரன்ஸ் ஆபீஸ்ல புதுசா சேர்ந்திருக்கா. நாலு வீடு பாத்துக் காட்டினாத்தான் வேலை நிரந்தரமாம். பாவம், வந்து பாத்துட்டுப் போகட்டுமே. பாலிசி எடுக்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல" என்றேன்.

"வந்து பாக்கட்டும், பாக்கறதுக்கு என்ன?" என்றார்.

சர்வேயர் பெண் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தோளில் பை, கையில் டார்ச், காலில் உறை மாட்டிக்கொண்டு உள்ளே வருகிற அளவுக்குச் சுத்தம். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அன்பாக, "உங்க அண்ணன் வீடு இப்போ எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"எனக்கு அண்ணனே இல்லையே சார். நாங்க மூணும் பொண்ணுங்க."

நான் சட்டென்று சமையலறைக்குப் போய் இல்லாத பாலைக் கலக்க ஆரம்பித்தேன். இவர் வாசல்படியில் வந்து நின்று என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "பால் பொங்கிடப் போவுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாத்திரம் காலி, அடுப்பும் பற்ற வைக்கவில்லை.

அந்தப் பெண் வேலையில் கெட்டி. அஸ்திவாரம், கூரை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தாள். சுவருக்கு வந்ததும், "பழைய விரிசல் எங்கெங்க இருந்துச்சுன்னு காட்டுங்க சார். இப்பவே குறிச்சுக்கிட்டா நல்லது. நாளைக்கு ஒண்ணு வந்தா இது பழசு, அது புதுசுன்னு சண்டை வராது" என்றாள்.

இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீங்களே கண்டுபிடிங்க பாப்போம்."

அவள் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. "எங்கயுமே இல்லையே சார்!" என்றாள். இவர் பெருமையோடு உள்ளங்கையை வைத்துத் தேடினார், அவருக்கும் அகப்படவில்லை. மனுஷன் அத்தனை நன்றாக மறைத்திருக்கிறார், மறைத்த கையே மறந்துவிட்டது. இப்படி ஒரு கூத்தை வேறு எந்த வீட்டில் பார்க்க முடியும்?

"தள்ளுங்க" என்று, குறிப்பதற்காக அந்தப் பெண் வைத்திருந்த சாக்பீஸை நான் வாங்கிக்கொண்டேன்.

எனக்கு எல்லாம் தெரியும். கூடத்து மூலையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன். "இது மக வயித்துல இருந்தப்ப. அன்னிக்கு இவர் சுவத்தத் தடவிட்டு அப்புறம் என் வயித்தத் தடவினார், அதே கையால. சட்டையெல்லாம் சுண்ணாம்பு." சமையலறையில் ஒன்று. "இது அவ பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தப்ப. பூகம்பம் வந்தா பரீட்சை தள்ளிப் போகுமான்னு கேட்டா." வாசல்கதவுக்கு மேலே இருந்தது எட்டவில்லை, ஸ்டூல் போட்டு ஏறினேன். இவர் இடது கையால் ஸ்டூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இது எங்க ரெண்டு பேருக்கும் சண்டையா இருந்தப்ப. எதுக்குச் சண்டைன்னு மறந்து போச்சு."

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் கீழேயிருந்து. "சுவத்துக்கு அடுத்துதான் நான்னு சொல்லிச் சண்டை போட்ட."

அடப்பாவி மனுஷா, உறைத்துத்தான் இருக்கிறது! ஸ்டூல்மேல் நின்றபடி எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

படுக்கையறைக்கு வந்தோம். சர்வேயர் பெண் பீரோவைக் காட்டி, "இதுக்குப் பின்னாடி?" என்றாள்.

"அங்க ஒண்ணும் இல்ல" என்றார் இவர்.

வண்டி கிளம்பவே கிளம்பாதபோது 'தெருமுனைக்கு வந்துட்டாருங்க' என்று சொல்கிற குரல் அது. எனக்குத் தெரியாத குரலா?

"எல்லாச் சுவரும் பாக்கணும் சார்" என்றாள் அவள். நானும் அவளுமாகப் பீரோவைத் தள்ளினோம்.

ஜன்னல் மூலையிலிருந்து கை நீளத்துக்கு ஒரு விரிசல் சரிவாக ஓடியிருந்தது. அதன்மேல் பூசியிருந்தது. பூச்சா அது? மேடும் பள்ளமுமாக, கரண்டித் தடம் தடமாக, ஓரங்களில் பிளந்து, கீழே கொஞ்சம் கழன்று தொங்கியது. நாலு பேர் வீட்டுச் சுவரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிய கை செய்த வேலை.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது, நல்ல பிள்ளை. "நான் வெளிப்பக்கம் இன்னொரு தடவ பாத்துட்டு வரேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவர் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"பக்கத்து வீட்டுப் பையனுங்க தள்ளினாங்களா? இல்ல, நீங்களேதானா?"

"துணியெல்லாம் வெளிய எடுத்து வச்சிட்டுத்தான் தள்ளினேன். முதுகக் குடுத்துத் தள்ளினேன், கையக் குடுக்கல."

"எத்தன தடவ?"

"பூசினது மூணு தடவ. அதனால..."

"மூணு தடவையா! நானும்தான் நினைச்சேன், மடிச்சு வச்ச துணி எப்படி இவ்வளவு ஒழுங்கா இருக்குன்னு! தோள் கழண்டு விழுந்திருந்தா? டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, காதுல என்ன பஞ்சா வச்சிருந்தீங்க? சுவரு போனா மயிரே போச்சு, உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் எங்க போவேன்?"

கத்திவிட்டு நானே அழுதேன். அவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"கை மேல போகல" என்றார். "இடது கையால பூசிப் பாத்தேன், நிக்கல. நீ பாத்தா மனசு உடைஞ்சிடுவன்னு மறைச்சேன். இல்ல, பொய் எதுக்கு, எனக்குத்தான் உடைஞ்சுது. இத்தன வருஷமா நான் இருக்கேன் நான் இருக்கேன்னு சொல்லிட்டு..."

"நான் எதுக்கு அந்தப் பொண்ண வரவழைச்சேன்னு தெரியுமா?"

"தெரியும். பதினேழுக்குத் தங்கச்சி இல்லன்னு அன்னிக்கே தெரியும். அவன் கல்யாணத்துக்கு நாமதானே போனோம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். "நீயா வாயத் திறந்து கேக்க மாட்டன்னு தெரிஞ்சுது. நானா சொல்லவும் வாய் வரல. சரி, வரட்டும்னு விட்டேன்."

சர்வேயர் பெண் வந்ததும் அவரே கேட்டார், "முதல் பங்கு எங்களோடதுன்னாங்களே, அது எவ்வளவும்மா?"

எனக்குப் பகீரென்றது. அஞ்சு குதித்தது இதற்குத்தானே. இவரும் இதையே பிடித்துக்கொண்டு வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

"வீடு கட்டுற செலவுல பத்துல ஒரு பங்கு சார். அதுக்குக் கீழ இருந்தா கம்பெனி தராது. இதனாலதான் நிறைய பேர் வேண்டாம்பாங்க. சின்னச் சேதத்துக்கு இது உதவாது, நான் பொய் சொல்ல மாட்டேன். வீடே உட்கார்ந்துட்டா மறுபடி எழுப்பறதுக்குத்தான் இது."

இவர் சுவரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "அப்போ கீறல், பூச்சு எல்லாம் என்னோடது. செவுரு விழுந்தா உங்களோடது."

"அப்படித்தான் சார்."

"அது நியாயம். எடுத்துக்கலாம்" என்றார்.

இந்தப் பூச்சை மட்டும் ஒழுங்காக முடிக்க வேண்டும், அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். வேறு கொத்தனாரைக் கூப்பிடலாமா என்று நான் கேட்கவில்லை. பரணிலிருந்து கரண்டியை இறக்கினேன். கலவையை அவர் சொல்லச் சொல்ல நான் குழைத்தேன். "தண்ணி ஜாஸ்தி", "இப்போ கம்மி" என்று உயிரை வாங்கினார்.

கரண்டியை வலது கையில் பிடித்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றார். கை மார்போடு நின்றுவிட்டது. நான் அவருக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து, அவருடைய முழங்கையை என் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"கனமா இருக்கும்" என்றார்.

"நான் இருக்கேன்ல."

கரண்டி நகர்ந்தது. அவர் மேலே போக வேண்டுமென்றால் நான் எக்கினேன், கீழே வர வேண்டுமென்றால் குனிந்தேன். கை வலித்தால் நிறுத்தினோம். என் தலையெல்லாம் சிமென்ட். முடித்துவிட்டுப் பார்த்தால் சுவர் வழவழவென்று இருந்தது. அடுத்த வாரம் அந்தப் பெண் வந்து, "அந்த விரிசல் எங்கம்மா?" என்றாள். சாக்பீஸ் கோட்டை நான்தான் போட்டுக் காட்டினேன். பீரோ பழைய இடத்துக்குப் போனது, என் முழங்கை பிழைத்தது.

பாலிசி வந்து சில வாரத்தில் மறுபடி ஒரு ஆட்டம். நான் மைக்கில் இருந்தேன். மேஜைக்கு அடியில் புகுந்து, நின்றதும் எழுந்து, ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு நலம் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இந்நேரம் கடையிலிருந்து வீட்டுக்கு ஓடிச் சுவரைத் தடவிக்கொண்டிருப்பார், போன் எங்கே காதில் விழப்போகிறது என்று பல்லைக் கடித்தேன்.

ஆபீஸ் கதவு திறந்தது. மூச்சு வாங்க இவர் நின்றார். சட்டையில் பச்சைப் பெயின்ட், ஒரு காலில் செருப்பு இல்லை. கடையிலிருந்து ஓடியே வந்திருக்கிறார்.

நேராக வந்து உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தார். அப்புறம் நெற்றியில். அப்புறம் தோளில், அவர் கையைத் தாங்கிய அதே தோளில். சுவரைப் பார்க்கிற மாதிரியேதான், நிதானமாக.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்ன? வீட்டப் பாத்தீங்களா?"

"வீடு நிக்கும், இல்ல விழும். அதுக்குத்தான் ஆள் வச்சாச்சே. உனக்கு யாரு இருக்கா, என்ன விட்டா?"

அந்தப் பச்சைக் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், தேம்பித் தேம்பி அழுதேன். அப்போது வயர்லெஸ் பெட்டியிலிருந்து கரகரவென்று பதினேழின் குரல் வந்தது.

"அக்கா... மைக் ஆன்லயே இருக்கு. எல்லா வண்டியிலயும் கேக்குது."

"கேக்கட்டும்டா" என்றேன்.